ஜோதி யர்ராஜியும் பத்துத் தடைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பெண்கள் தடகளத்தில் 100 மீட்டர் தடை ஓட்டம் என்றால் இப்போது முதலில் வாயில் வரும் பெயர் ஜோதி யர்ராஜி. ஆனால் அவருடைய ஓட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே மாதிரியான குழப்பங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "12.79 ஓடினாராமே, அது ஏன் சாதனை இல்லை?", "மூணாவதா வந்தவருக்கு வெள்ளி எப்படி?", "ஆசியாவில் முதலிடம், ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே வெளியே, என்ன கணக்கு இது?" எல்லாம் நியாயமான கேள்விகள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஜோதி யர்ராஜி யார்? எந்த ஊர்?

விசாகப்பட்டினம். 1999 ஆகஸ்ட் 28 பிறந்த நாள். அப்பா தனியார் காவலாளி. அம்மா வீட்டு வேலைக்கும், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கும் போனவர். பள்ளியில் இவருடைய உயரத்தைப் பார்த்த விளையாட்டு ஆசிரியர்தான் தடை ஓட்டத்துக்குச் சரிப்படும் என்று இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். 2016இல் ஹைதராபாத்தில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் என். ரமேஷிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறகு புவனேஸ்வர். அங்கே ரிலையன்ஸ் பவுண்டேஷனும் ஒடிசா அரசும் சேர்ந்து நடத்தும் தடகள மையத்தில், பிரிட்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் ஹில்லியர் பயிற்சியாளர். பேர் சொல்லும்படியான ஓட்டங்கள் எல்லாம் ஹில்லியரிடம் வந்த பிறகுதான். 2024ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர்.

பி.டி. உஷா ஓடியதும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. இந்தக் குழப்பம் ரொம்ப நாளாக இருக்கிறது. உஷா 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓடியது 400 மீட்டர் தடை ஓட்டம். 55.42 வினாடி, நான்காம் இடம். வெண்கலம் கைவிட்டுப் போனது நூற்றில் ஒரு பங்கு வினாடியில். மைதானத்தை முழுசாக ஒரு சுற்று வர வேண்டும். தடைகள் 76.2 செ.மீ. உயரம்தான், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 35 மீட்டர் இருக்கிறது. அங்கே கடைசி நூறு மீட்டரில் தம் இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

ஜோதி ஓடுவது நேர்கோட்டில் நூறு மீட்டர். தடையின் உயரம் 83.8 செ.மீ. அளவு பிடிபடவில்லை என்றால் உங்கள் வீட்டுச் சமையலறை மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், ஏறக்குறைய அந்த உயரம். அதைப் பத்து தடவை, முழு வேகத்தில், பதின்மூன்று வினாடிக்குள். ஆண்களுக்கு இதே ஓட்டம் 110 மீட்டர், தடை 106.7 செ.மீ.

1968 ஒலிம்பிக் வரை பெண்களுக்கு 80 மீட்டர் தடை ஓட்டம்தான் இருந்தது. 1972 மியூனிக்கில்தான் 100 மீட்டர் ஆனது.

தடைகளுக்கு நடுவில் எத்தனை எட்டு வைக்கிறார்கள்? யாராவது மாற்றி வைப்பார்களா?

இந்த ஓட்டத்தின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடை 13 மீட்டர். பெரும்பாலானவர்கள் அதை எட்டு எட்டில் போய்ச் சேருவார்கள் (கேட்க வேடிக்கையாக இருந்தாலும் கணக்கு அதுதான்). அதற்கப்புறம் ஒவ்வொரு தடைக்கும் நடுவே 8.5 மீட்டர். அந்த இடைவெளியில் மூன்று எட்டு. நான்கு வைத்தால் ஒவ்வொரு தடைக்கும் தாண்டும் கால் மாறிக்கொண்டே வரும், வேகமும் செத்துவிடும். இரண்டு வைத்துத் தாண்ட யாராலும் ஆகாது. ஆகவே உலக சாம்பியனும் மூன்று, மாவட்டப் போட்டியில் நான்காவதாக வரும் பெண்ணும் மூன்று. கடைசித் தடையிலிருந்து முடிவுக்கோடு 10.5 மீட்டர்.

8.5 மீட்டர் முழுவதும் ஓடுவதற்குக் கிடைக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். தடைக்குச் சுமார் 2 மீட்டர் முன்னாலேயே காலை எடுத்துவிடுகிறார்கள், தாண்டி 1 மீட்டர் தள்ளி இறங்குகிறார்கள். மிச்சம் ஐந்தரை மீட்டர். அதில் மூன்று எட்டு என்றால் ஒரு எட்டுக்கு இரண்டு மீட்டர்கூட வராது. வெறும் ஓட்டத்தில் நல்ல ஓட்டக்காரி ஒருத்தி தாராளமாக இரண்டு மீட்டருக்கு மேல் எட்டு வைப்பாள். அதாவது, எவ்வளவு வேகம் கூடுகிறதோ அவ்வளவுக்குத் தடை மூஞ்சிக்கு நெருங்கி வருகிறது. எட்டைக் குறுக்க வேண்டும், ஆனால் வேகத்தைக் குறைக்கக் கூடாது. காலை முன்னால் நீட்டி வைக்காமல் இடுப்புக்குக் கீழேயே படபடவென்று போட வேண்டும்.

ஜோதி மாதிரி உயரமானவர்களுக்கு இது இருபக்கமும் கூர் உள்ள கத்தி. தடைக்கு மேலே போவது சுலபம், இடுப்பைப் பெரிதாக உயர்த்த வேண்டாம். ஆனால் நடுவில் நீளக் கால்களை மடக்கிச் சுருக்கிக்கொண்டு ஓட வேண்டும். "உயரமா இருக்கா, ஈஸியா தாண்டிடுவா" என்று சொல்பவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள்.

தடையைத் தட்டிவிட்டால் வெளியேற்றிவிடுவார்களா?

மாட்டார்கள். வேண்டுமென்றே கையால் தள்ளினாலோ, அடுத்த ஆளின் ஓட்டத்துக்கு இடைஞ்சல் செய்தாலோதான் தகுதிநீக்கம். தெரியாமல் காலில் பட்டு விழுந்தால் ஒன்றும் இல்லை. பத்தையும் தட்டிவிட்டு ஜெயித்தாலும் ஜெயித்ததுதான். ஆனால் காலைத் தடைக்கு மேலாகக் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் கீழாக இழுத்துக்கொண்டு போனால் அது குற்றம்.

சட்டம் விட்டாலும் தடை விடாது. அது லேசாகத் தொட்டதும் விழுகிற வஸ்து இல்லை. நாலு கிலோ அளவுக்கு அழுத்தினால்தான் சாயும்படி அடியில் எடை வைத்திருப்பார்கள். பின்னால் வரும் காலின் முட்டியோ கணுக்காலோ அந்தக் கட்டையில் படும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். டிவியில் அது கூச்சலில் அமுங்கிவிடும், தடத்தின் ஓரத்தில் நின்றால்தான் காதில் விழும். தடை ஓட்டக்காரிகளின் பின்னங்கால் முட்டியின் உள்பக்கத்தைப் பாருங்கள், பழைய சிராய்ப்புத் தழும்புகள் வரிசையாக இருக்கும். ஒரு தடையில் பட்டால் உடம்பு கொஞ்சம் திரும்பும், அடுத்த மூன்று எட்டும் கோணலாகும், அதற்கடுத்த தடையும் பாழ். பத்தாவது தடையில் விழுகிற பலர் உண்மையில் ஏழாவதிலேயே தடுமாறியவர்கள்.

ஜோதி தேசிய சாதனையை முதலில் எப்போது முறியடித்தார்?

ஏட்டில் எழுதியிருப்பது: 2022 மே 10, சைப்ரஸின் லிமசோல் நகரம், 13.23 வினாடி. தடத்தில் நடந்தது அதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் முன்னால்.

பழைய சாதனை ஒடிசாவின் அனுராதா பிஸ்வால் 2002இல் டெல்லியில் ஓடிய 13.38. அப்போது ஜோதிக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. இருபது வருஷம் யாரும் அதைத் தொடவில்லை.

2020 ஜனவரியில், கர்நாடகாவில் மூடுபித்ரியில் நடந்த அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஜோதி 13.03 ஓடினார். சாதனையை விட மூன்றில் ஒரு பங்கு வினாடிக்கும் மேல் வேகம். இந்த ஓட்டத்தில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அந்தப் போட்டியில் அவருக்கு ஊக்கமருந்துச் சோதனை எடுக்கப்படவில்லை, தடகள சம்மேளனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதியும் அங்கே இல்லை. சாதனை என்று ஏற்க முடியாது என்றுவிட்டார்கள்.

அப்புறம் கொரோனா, காயம், ஓட்டமே இல்லாத மாதங்கள். 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் ஃபெடரேஷன் கோப்பை. 13.09 ஓடினார். பழைய சாதனையைத் தாண்டியாயிற்று. காற்றுமானியைப் பார்த்தால் பின்காற்று வினாடிக்கு 2.1 மீட்டர். அனுமதி 2.0 வரைதான். மறுபடியும் கணக்கில் இல்லை.

மூன்றாவது முயற்சியில்தான் லிமசோல், காற்று சாதகமே இல்லாத நாளில். அதற்குப் பிறகு நிற்கவில்லை. மே 22 இங்கிலாந்தின் லஃப்பரோவில் 13.11, மே 26 நெதர்லாந்தில் 13.04. பதினாறு நாளில் மூன்று தேசிய சாதனை என்று பத்திரிகைகள் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் அந்த எண்களை ஒருமுறை திரும்பப் பாருங்கள். மூன்று சாதனைகளில் ஒன்றுகூட மூடுபித்ரியில் இருபது வயதில் ஓடிய 13.03ஐத் தொடவில்லை. ஏட்டில் இல்லாத ஓட்டம் ஏட்டில் உள்ள மூன்றையும் விட வேகமாக இருந்தது.

சோதனை எடுக்காதது யார் தப்பு? அவருக்கு ஏன் தண்டனை?

விதி சரியானதுதான் என்பது என் கருத்து. சோதனை இல்லாத சாதனையை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சாதனை என்பார்கள். ஆனால் சோதனைக்கு ஏற்பாடு செய்வது ஓடுகிறவரின் வேலை இல்லை, நடத்துகிறவர்களின் வேலை. ஏற்பாட்டில் குறை, இழப்பு ஓடியவருக்கு. நம் நாட்டில் பல்கலைக்கழக, மாநிலப் போட்டிகளில் காற்றுமானியே இல்லாமலும் நூறு மீட்டர் ஓட்டுவார்கள். அங்கே ஓடி முடித்த பிள்ளைகள் நேரத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

காற்று 2.0க்கு மேல் போனால் ஏன் கணக்கில் எடுப்பதில்லை? பதக்கமும் போய்விடுமா?

பதக்கம் போகாது. எட்டுப் பேருக்கும் ஒரே காற்றுதானே. சாதனைப் பட்டியலுக்கு மட்டும்தான் அந்த நேரம் ஆகாது.

தடத்தின் ஓரத்தில், முடிவுக்கோட்டிலிருந்து 50 மீட்டரில் ஒரு காற்றுமானி நிற்கும். 100 மீட்டர் தடை ஓட்டத்துக்குத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 13 வினாடி அளந்து சராசரி எடுக்கிறார்கள் (வெறும் 100 மீட்டருக்கு 10 வினாடி). அந்தச் சராசரியில் முதுகைத் தள்ளும் காற்று வினாடிக்கு 2.0 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கோழிக்கோட்டில் 2.1. ஓடுகிற ஆளுக்கு அந்த 0.1 உறைக்கவே உறைக்காது.

அதிலும் தடை ஓட்டத்தில் பின்காற்று முழுக்க வரம் என்று சொல்ல முடியாது. தள்ளுகிற காற்று உங்களைத் தடைக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோய் விடும். மேலே சொன்னேனே, மூன்று எட்டு, ஐந்தரை மீட்டர், அந்தக் கணக்கு குலையும். பலத்த பின்காற்றில் நல்ல நேரம் வருவதும் உண்டு, முகம் குப்புற விழுவதும் உண்டு.

13 வினாடிக்குக் கீழே முதலில் எப்போது ஓடினார்?

இதற்கும் இரண்டு பதில். 2022 அக்டோபரில் காந்திநகரில் தேசிய விளையாட்டுப் போட்டி, 12.79. காற்று 2.5. சரி, மறுபடியும் கணக்கில் இல்லை. இரண்டு வாரம் கழித்து அக்டோபர் 17 பெங்களூருவில் நேஷனல் ஓபன், 12.82. காற்று அனுமதிக்குள். இந்தியப் பெண் ஒருவர் 13க்குக் கீழ் ஓடியதாக ஏட்டில் ஏறிய முதல் நேரம் அது.

அப்புறம் 2023 ஆகஸ்டில் செங்டுவில் உலகப் பல்கலைக்கழகப் போட்டி. 12.78, வெண்கலம். ஸ்லோவாக்கியாவின் விக்டோரியா ஃபோர்ஸ்டர் 12.72இல் தங்கம், சீனாவின் வூ யான்னி 12.76இல் வெள்ளி. மூன்று பேருக்கும் நடுவில் ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த 12.78ஐத் தேசிய சாதனையாக வைத்துக்கொண்டுதான் அடுத்த வருஷமும் ஓடினார். வூ யான்னியின் பெயரை நினைவில் வையுங்கள், அடுத்த பதிலில் வருகிறார்.

ஹாங்சோ ஆசியப் போட்டியில் உண்மையில் என்ன நடந்தது? மூன்றாவதாக வந்து வெள்ளி எப்படி?

2023 அக்டோபர் 1, மகளிர் 100 மீட்டர் தடை ஓட்ட இறுதி. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே வூ யான்னி கிளம்பிவிட்டார். பக்கத்தில் இருந்த ஜோதி அந்த அசைவைப் பார்த்துத் தானும் எழுந்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டார்கள். இதுவரை சாதாரணமாக நடப்பதுதான். நடுவர்கள் ஜோதியிடம் வந்து நீயும் தப்பாகப் புறப்பட்டாய், வெளியே போ என்றார்கள்.

விதி என்ன சொல்கிறது? 2010லிருந்து ஒரே ஒரு தவறான புறப்பாடு போதும், ஆள் வெளியே. இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆனால் ஒருவர் அசைந்ததால் இன்னொருவர் அசைந்தால், முதலில் அசைந்தவர் மேல்தான் குற்றம். ஜோதி வெளியேறவில்லை. தடத்தில் நின்றுகொண்டே வாதாடினார், திரையில் போட்டுக் காட்டுங்கள் என்றார். எட்டுப் பேர் காத்துக்கொண்டிருக்க, ஆயிரக்கணக்கான சீன ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஊர் நட்சத்திரத்துக்கு எதிரான ஒரு முடிவைக் கேட்டுக்கொண்டு ஒரு பெண் தனியாக நின்ற சில நிமிஷங்கள் அவை. கடைசியில் இரண்டு பேரையும் ஓடவிட்டார்கள், முடிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று.

தடை ஓட்டம் ஓடியவர்களைக் கேட்டால் தெரியும், இறுதிக்கு முன் உடம்பும் மனசும் ஒரு புள்ளியில் வந்து நிற்கும். அதைக் கலைத்துவிட்டு, கண் கலங்கவைத்து, "சரி, இப்போ ஓடு" என்றால் எப்படி ஓடுவது? சீனாவின் லின் யூவெய் 12.74இல் முதலில் வந்தார். வூ 12.77. ஜோதி 12.91, மூன்றாவது. ஓட்டம் முடிந்த பிறகு வூ தகுதிநீக்கம் செய்யப்பட்டார். வெண்கலம் வெள்ளியானது. ஜப்பானின் தனகா யூமிக்கு வெண்கலம்.

இதை 'அதிர்ஷ்டத்தில் வந்த வெள்ளி' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை. வூவைச் சரியாக அப்போதே வெளியேற்றியிருந்தால் ஜோதி கலங்காமல் ஓடியிருப்பார். 12.91க்கும் குறைவாக ஓடியிருக்க மாட்டார் என்று யார் சொல்ல முடியும்?

ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்றாரா?

இல்லை, அதுவும் நூற்றில் ஒரு பங்கு வினாடிக் கதைதான். பாரிஸ் 2024க்கு வைத்த நேரடித் தகுதி நேரம் 12.77. அந்தக் காலக்கெடுவுக்குள் செங்டுவில் ஓடியது 12.78. அடுத்த மே மாதம் பின்லாந்தின் யூவாஸ்கூலாவில் மறுபடியும் 12.78. இரண்டு கண்டம், ஒன்பது மாதம், ஒரே நேரம், அதே ஒரு எண் மிச்சம்.

அந்த வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு வினாடி என்பது தூரத்தில் சுமார் 8 சென்டிமீட்டர். நாலு விரலைச் சேர்த்து வைத்தால் வருகிற அகலம். பத்துத் தடைகளில் ஒன்றில் கால் ஒரு கணம் சீக்கிரம் தரையைத் தொட்டிருந்தால் போதும்.

கடைசியில் உலகத் தரவரிசைப் புள்ளிகள் மூலம் இடம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தடை ஓட்டம் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

பாரிஸில் என்ன ஆயிற்று?

முதல் சுற்றில் 13.16, தன் ஹீட்டில் (அந்தச் சுற்றில் ஓடும் ஒரு குழுவில்) ஏழாவது. அந்த ஒலிம்பிக்கில்தான் முதல்முறையாக ரெப்பசாஜ் என்ற இரண்டாம் வாய்ப்புச் சுற்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அதிலும் ஓடினார், 13.17, நான்காம் இடம். அரையிறுதிக்குப் போகவில்லை. அந்த வருஷம் இடுப்புப் பக்கம் காயம் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் அவருடைய தரத்துக்கு அது மோசமான நேரம்தான், மழுப்புவதில் அர்த்தமில்லை.

ஆசியாவில் முதலிடம் என்கிறார்கள், உலக அளவில் அவர் எங்கே இருக்கிறார்?

ஆசிய சாம்பியன், இரண்டு தடவை. 2023 பாங்காக்கில் 13.09, 2025 மே மாதம் தென்கொரியாவின் குமியில் 12.96. இரண்டாவது, அந்தப் போட்டித்தொடரின் சாதனை நேரமும்கூட.

உலக அளவு வேறு மாதிரி. பாரிஸ் இறுதியில் அமெரிக்காவின் மசாய் ரஸ்ஸல் 12.33இல் ஜெயித்தார். வெள்ளி 12.34, வெண்கலம் 12.36. உலக சாதனை நைஜீரியாவின் டோபி அமுசான் 2022இல் யூஜீனில் ஓடிய 12.12. ஜோதியின் 12.78க்கும் பாரிஸ் தங்கத்துக்கும் நடுவில் 0.45 வினாடி, தடத்தில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். ஜோதி பத்தாவது தடையை விட்டு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது இவர்கள் முடிவுக்கோட்டில் நெஞ்சை நீட்டியிருப்பார்கள்.

ஆசியர்களால் முடியாது என்பதும் இல்லை. கஜகஸ்தானின் ஓல்கா ஷிஷிகினா 1995இல் 12.44 ஓடியவர், 2000 சிட்னியில் ஒலிம்பிக் தங்கமே வாங்கினார். அந்த ஆசிய சாதனையை இன்னும் யாரும் நெருங்கவில்லை.

என்னைக் கேட்டால், ஜோதியை ஒலிம்பிக் பதக்க அளவுகோலில் வைத்துப் பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். 13.38இல் இருபது வருஷம் உறைந்து கிடந்த ஒரு நாட்டின் நேரத்தை ஒரே ஆள் 0.60 வினாடி கீழே இறக்கியிருக்கிறார்.

தடை இல்லாத ஓட்டமும் ஓடுவாரா?

ஓடுவார், நன்றாகவே. 2023 பாங்காக்கில் தடை ஓட்டத் தங்கத்தோடு 200 மீட்டரில் 23.13இல் வெள்ளியும் வாங்கினார். 2025 உத்தராகண்ட் தேசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டிலும் தங்கம்.

உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டர் என்கிறார்களே, அது என்ன?

கூரைக்குக் கீழே நேர்தடம் அவ்வளவு நீளம் கிடைக்காது என்பதால் 60 மீட்டர், ஐந்து தடை. உயரமும் இடைவெளியும் அதேதான். ஆசிய உள்ளரங்க சாம்பியன்ஷிப்பில், 2023 அஸ்தானாவில் 8.13, வெள்ளி. 2024 தெஹ்ரானில் 8.12, தங்கம்.

தமிழ்நாட்டிலிருந்து இந்த ஓட்டத்தில் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். கோவையைச் சேர்ந்த இரட்டையர் வித்யா ராம்ராஜ், நித்யா ராம்ராஜ். ஆட்டோ ஓட்டுநரின் மகள்கள். ஹாங்சோவில் ஜோதி அத்தனை பிரச்சினையோடு ஓடிய அதே இறுதியில் நித்யாவும் ஓடினார், பதக்கம் இல்லை. மறுநாள் 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச் சுற்றில் வித்யா 55.42 ஓடினார். ஆம், உஷாவின் அதே 55.42. முப்பத்தொன்பது வருஷம் கழித்து நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகாமல் அதே எண். இறுதியில் வெண்கலம் வாங்கினார்.

காயம் என்ன ஆயிற்று?

2025இல், குமியில் ஆசியத் தங்கம் வாங்கிய சில வாரங்களில், பயிற்சியின்போது முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் அறுந்தது. அறுவைசிகிச்சை. அந்த செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அவரால் ஓட முடியவில்லை.

தடை ஓட்டக்காரிக்கு முழங்கால் என்பது பாடகிக்குத் தொண்டை மாதிரி. ஒவ்வொரு தடைக்குப் பிறகும் உடம்பின் மொத்த எடையும் ஒற்றைக் காலில், முழு வேகத்தில், முன்காலின் நுனியில் இறங்குகிறது. ஒரு ஓட்டத்துக்குப் பத்து தடவை, ஒரு பயிற்சி நாளில் எத்தனையோ மடங்கு. சாதாரண ஆள் ஏ.சி.எல். அறுவைசிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி இறங்கவே யோசிப்பார். இந்தக் காயத்திலிருந்து மீளும்போது தசை வலுவைத் திரும்பக் கொண்டுவருவது ஒரு பாதி. அந்தக் காலை நம்பி இறங்குவது இன்னொரு பாதி, அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தடை ஓட்டத்தில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் 83.8 செ.மீ. தடையை நேரே கொண்டுபோய் முன்னால் வைக்காதீர்கள். 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கே 76.2 செ.மீ.தான். பன்னிரண்டு வயசில் உயரமே தேவையில்லை. தரையில் குச்சிகளைப் போட்டு மூன்று எட்டு தாளம் பழகட்டும். பிறகு முட்டி உயரத்துக்குக் கீழே வளைகிற பிளாஸ்டிக் தடை. இடைவெளியையும் அவள் காலுக்குத் தகுந்தபடி குறைத்து வைக்க வேண்டும், மூன்று எட்டில் எட்டிப் பிடிக்கத் திணறினால் இடைவெளி தப்பு, பிள்ளை தப்பு இல்லை.

பள்ளி மைதானத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளிப் பெயர் வேண்டாம். ஆண்டு விழாவுக்கு இரும்புக் குழாயை வெல்டிங் செய்து தடை என்று நிறுத்தியிருந்தார்கள், அடியில் சிமெண்ட் போட்டு. தட்டினால் விழவே விழாது. முதல் ஹீட்டில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை முட்டியை உடைத்துக்கொண்டது, அதோடு தடை ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சாக்கு ஓட்டம் வைத்தார்கள். தடை விழ வேண்டும். விழுகிற தடை இருக்கிற இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். ஓடுகிற பக்கத்திலிருந்து தட்டினால் முன்னால் சாய வேண்டும், பின்பக்கமிருந்து தாண்டவிடக் கூடாது. இதைத் தெரிந்து வைத்திருக்கிற பயிற்சியாளர் என்றால் மற்றதையும் தெரிந்திருப்பார்.

அடுத்த முறை ஓட்டம் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வருகிறவரைப் பார்க்காதீர்கள். ஒரே ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து அவளை மட்டும் பாருங்கள். தடைக்கு மேலே போகும்போது தலை எவ்வளவு ஏறுகிறது? நல்ல ஓட்டக்காரிக்குத் தலை ஏறக்குறைய ஒரே கோட்டில் போகும், கால் மட்டும் மேலே போய் வரும். இறங்கிய பிறகு பின்கால் முட்டி முன்னால் வருகிறதா, பக்கவாட்டில் சுழன்று போகிறதா என்று பாருங்கள். அப்புறம் மனசுக்குள் எண்ணுங்கள், ஒன்று இரண்டு மூன்று, தாண்டல், ஒன்று இரண்டு மூன்று, தாண்டல். எட்டாவது தடைவாக்கில் யாருக்காவது இந்தத் தாளம் லேசாக இழுக்கும். செங்டு ஓட்டத்தைப் போட்டு இப்படி எண்ணிப் பாருங்கள், 12.78இல் அந்த ஒரு எண் எங்கே மிச்சமானது என்று நானும் நாலைந்து தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வேறு தடை மேல் சந்தேகம் வருகிறது.